சமையலறை மேசையில் இரண்டு சனிக்கிழமைகள்



சென்ற மாதம் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கடிதம் நான்கே வரி. "எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கட்சிகள். அவர் எஸ்.ஏ.டி. கட்சி, நான் ஏ.சி.டி. கட்சி. தேர்வு எழுதப்போகும் பையன் எந்தக் கட்சியிலும் இல்லை. நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்."

இரண்டுமே அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வுகள். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. இதே வழக்கில் ஒருமுறை தவறான தீர்ப்புச் சொல்லி, பெற்ற மகளிடமே வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

2018-ஆம் ஆண்டுக் கோடை. மகள் பதினோராம் வகுப்புக்குப் போக இரண்டு மாதம் இருந்தது. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரரின் பையன் எஸ்.ஏ.டி. எழுதி நல்ல கல்லூரிக்குப் போயிருந்தான். அவர் சொன்ன இரண்டு தடித்த பயிற்சிப் புத்தகங்களை அன்று மாலையே வாங்கிவந்தேன். ஏ.சி.டி. என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அது ஏதோ இரண்டாம் தரம், எஸ்.ஏ.டி.யில் தேறாதவர்கள் எழுதுவது என்று எண்ணியிருந்தேன். யார் சொல்லி அப்படி எண்ணினேன் என்று கேட்டால், தமிழ்ப் பள்ளி வராந்தாவைத்தான் கைகாட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் உள்ளே எழுத்துக்கூட்டிப் படிக்கையில், பெற்றோர்கள் வெளியே காபிக் கோப்பையோடு நின்று கல்லூரிக் கதை பேசும் அந்த வராந்தாவில் பிறக்காத வதந்தி கிடையாது.

கோடை முழுவதும் அவள் உழைத்தாள். மாதிரித் தேர்வுக்கு மாதிரித் தேர்வு பத்து, இருபது என்று ஏறியது, பிறகு இறங்கியது. பழைய எஸ்.ஏ.டி.யின் வாசிப்புப் பகுதியில் நூற்றைம்பது, இருநூறு வருடங்களுக்கு முந்தைய அரசியல் உரைகளிலிருந்து ஒரு நீண்ட பத்தி வரும். அதில் போய் மாட்டிக்கொள்வாள். "இன்னும் கொஞ்சம் படி" என்பதைத் தவிர எனக்கு வேறு வசனம் தெரியாது. இலையுதிர் காலத்தில் ஒரு தோழி ஏ.சி.டி. மாதிரித்தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமலே எழுதிப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டின்போது தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அறிவியல் பகுதியில் இரண்டே தவறு. "அப்பா, இது அறிவியலே இல்லை. கிராஃபைப் பார்த்துப் பதில் சொல்றதுதான். இதை நான் சின்ன வயசிலேர்ந்து பண்றேன்" என்றாள். உண்மைதான். வானிலை வரைபடம், கிரிக்கெட் ஸ்கோர் பட்டியல், எதைக் கொடுத்தாலும் ஒரு பார்வையில் சாரத்தை எடுத்துவிடுவாள். அந்தத் திறமைக்கென்றே ஒரு தேர்வு இருந்தும், நான் அவளைப் பழைய உரைகளோடு ஒரு கோடை முழுவதும் கட்டிப்போட்டிருந்தேன். டிசம்பரில் ஏ.சி.டி. எழுதினாள். அத்தோடு அந்த வீட்டுத் தேர்தல் முடிந்தது.

எனக்கு ஏன் அப்படி ஒரு பிடிவாதம்? பின்னால் யோசித்துப் பார்த்தேன். என் தலைமுறையில் இங்கே வந்த பலருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத்தேர்வு இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை 200-க்குச் சுருக்கி, நுழைவுத்தேர்வின் 100-ஐச் சேர்த்து, மொத்தம் 300-க்கு ஒரு எண் வரும். அதுதான் 'கட்-ஆஃப்'. அரை மதிப்பெண்ணில் கிண்டிப் பொறியியல் கல்லூரியைத் தவறவிட்டவர்கள் இன்னமும் அந்த அரையைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தால் கணக்கில் யார் அதிகம், இயற்பியலில் யார் அதிகம் என்று பார்த்துப் பார்த்துக் கடைசியில் பிறந்த தேதி வரை போய் வரிசைப்படுத்தும் ஊர் நம்முடையது. அங்கே தேர்வைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே கிடையாது. ஒரே தேர்வு, ஒரே எண், ஒரே வரிசை. அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர்களிடம் 'இரண்டில் எது வேண்டுமானாலும் எழுதலாம், இரண்டும் சமம்' என்றால், இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் தோன்றும்.

சூது எதுவும் இல்லை. மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அமெரிக்கக் கல்லூரிகள் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கின்றன. ஹார்வர்டும் சரி, எம்.ஐ.டி.யும் சரி. எஸ்.ஏ.டி. 1600-க்கு, ஏ.சி.டி. 36-க்கு. ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்க்க, இவற்றை நடத்தும் இரு அமைப்புகளும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கிறது. அதன்படி 1200 என்றால் ஏறக்குறைய 25, 1400 என்றால் 31, 1500 என்றால் 34. 1540-க்கும் 1560-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கோயில் கேன்டீனில் நாம் அலசலாம். விண்ணப்பத்தைப் படிப்பவர் நான்கு வருட மதிப்பெண், எடுத்த பாடங்களின் கடினம், கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் இவற்றுக்கு நடுவில் அந்த எண்ணையும் ஒரு பார்வை பார்ப்பார்.

இரண்டு தேர்வுகள் எப்படி வந்தன என்பது ஒரு சுவையான கதை. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு வைத்த அறிவுச் சோதனையிலிருந்து கிளைத்தது எஸ்.ஏ.டி. பிரின்ஸ்டனில் உளவியல் பேராசிரியராக இருந்த கார்ல் பிரிகம் தலைமையில் அது உருவானது; 1926 ஜூனில் சுமார் எட்டாயிரம் மாணவர்கள் அதை முதலில் எழுதினார்கள். இந்த பிரிகம்தான் 1923-இல், இன்ன இனத்தாருக்கு அறிவு குறைவு என்று ஒரு புத்தகம் எழுதியவர். 1930-இல் தம் முடிவுகள் ஆதாரமற்றவை என்று அவரே ஒப்புக்கொண்டார். பிறவித் திறனை அளப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்தத் தேர்வுக்கு எதிர்ப்பாட்டாக 1959-இல் வந்தது ஏ.சி.டி. அயோவா பல்கலைக்கழகத்தின் லிண்ட்குவிஸ்ட், பள்ளியில் கற்றதைச் சோதித்தால் போதும் என்றார். விடைத்தாள்களை ஒளியால் படித்துத் திருத்தும் இயந்திரத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. நாமெல்லாம் பென்சிலால் வட்டம் கருப்பாக்கியதன் பின்னணியில் இந்த அயோவாக்காரரும் இருக்கிறார். ஒன்று கிழக்கிலும் மற்றது நடு மாநிலத்திலும் பிறந்ததால்தான் நெடுங்காலம் இரு கடற்கரை மாநிலங்களிலும் எஸ்.ஏ.டி., நடு மாநிலங்களிலும் தெற்கிலும் ஏ.சி.டி. என்று நாடே இரு கட்சியாக இருந்தது. நியூ ஜெர்சி வாசகிக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

இன்று அந்த மூன்று எழுத்துகளுக்கு விரிவு என்ன என்று கேட்டால், இரண்டுக்குமே ஒன்றும் இல்லை. விரிவுகளைக் கைவிட்டு, எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உள்ளடக்கமும் அப்படித்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 'ஓட்டக்காரருக்கு மாரத்தான் எப்படியோ, படகோட்டுபவருக்கு எது?' என்ற வகைக் கேள்விகள் எஸ்.ஏ.டி.யில் இருந்தன. அதன் விடையான 'ரெகாட்டா' என்ற சொல் பணக்காரர்களின் படகுப் போட்டியைப் பார்த்த பிள்ளைகளுக்குத்தானே தெரியும் என்று சண்டை வந்தது. 2005-இல் அந்த வகைக் கேள்விகளே போய்விட்டன. அதே வருடம் கட்டுரை சேர்ந்து மொத்தம் 2400 ஆனது. 2016-இல் மறுபடி 1600. அதுவரை தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழித்தார்கள், அதுவும் நின்றது. இப்போது இரண்டு தேர்விலும் தவறுக்குத் தண்டனை இல்லை. தெரியாத கேள்வியைக் காலியாக விட்டுவருவது வீண் பெருமை.

இப்படித் தேர்வுகள் மாறிக்கொண்டே இருப்பதுதான் எனக்கு இரண்டாவது அடி கொடுத்தது. மகன் இப்போது பதினோராம் வகுப்பு. அக்காவுக்குப் பலித்தது தம்பிக்கும் பலிக்கும் என்று, இந்த முறை ஏ.சி.டி. கட்சியின் தொண்டனாகவே மாறிவிட்டேன். அவளுடைய பழைய புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இப்படி ஒரு தேர்வே இப்போ இல்லையே" என்றான்.

அவன் சொன்னதும் சரி. எஸ்.ஏ.டி. வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும், அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் முழுக்கக் கணினிக்கு மாறிவிட்டது. ஏ.சி.டி. 2025-இல் தன்னைச் சுருக்கிக்கொண்டது. முன்பு 215 கேள்விகள். இப்போது அறிவியலையும் சேர்த்து 171. என் மகளைக் காப்பாற்றிய அந்த அறிவியல் பகுதியே இன்று விருப்பப் பாடம். மொத்த மதிப்பெண்ணில் சேராது. ஏழு வருடம் பழைய ஆலோசனையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். வராந்தாவில் உங்களுக்கு ஆலோசனை சொல்பவரிடம், அவர் பிள்ளை எந்த வருடம் எழுதியது என்று முதலில் கேளுங்கள்.

சரி, இன்று வித்தியாசம் எங்கே இருக்கிறது? என் பார்வையில், கடிகாரத்தில். எஸ்.ஏ.டி. மொத்தம் 2 மணி 14 நிமிடம். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 64 நிமிடத்தில் 54 கேள்விகள். கணக்கில் 70 நிமிடத்தில் 44. அதாவது கணக்கில் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஏ.சி.டி.யில் ஆங்கிலத்துக்கு 35 நிமிடத்தில் 50 கேள்விகள், கணக்குக்கு 50 நிமிடத்தில் 45, வாசிப்புக்கு 40 நிமிடத்தில் 36. கணக்கில் ஒரு கேள்விக்கு 67 விநாடி. முன்பைவிட மூச்சுவிட நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்றாலும் ஓட்டம் இன்னமும் ஓட்டம்தான். எஸ்.ஏ.டி.யில் ஒரு சின்னப் பத்தி, அதற்கு ஒரே கேள்வி, அடுத்த பத்தி. ஏ.சி.டி.யில் ஒரு நீண்ட பகுதியைப் படித்து அதிலிருந்து வரிசையாகப் பல கேள்விகள். ஒரு விஷயத்துக்குள் போய்விட்டால் அதிலேயே இருக்கப் பிடிக்கும் பிள்ளைக்கு ஏ.சி.டி. வசதி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மனம் தாவும் பிள்ளைக்குச் சின்னப் பத்திகள் வரம். என் மகன் இரண்டாவது ரகம். இதைச் சொன்னதற்கு அவன் மன்னிக்கவேண்டும்.

எஸ்.ஏ.டி.யில் இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு பகுதியும் இரண்டு பாதியாக வரும். முதல் பாதியை எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்து இரண்டாம் பாதி எளிதாகவோ கடினமாகவோ அமையும். மாதிரித் தேர்வு எழுதிவிட்டு மகன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "ரெண்டாவது பாதி ரொம்பக் கஷ்டம்" என்றான். நானும் ஒரு மணி நேரம் சோகமாக இருந்தேன். பிறகுதான் விளங்கியது: கஷ்டமாக வந்தால் முதல் பாதியை நன்றாகச் செய்திருக்கிறான் என்று பொருள். நல்ல மதிப்பெண்ணுக்கு அந்தக் கஷ்டத்தின் வழியாகத்தான் போகமுடியும். இது தெரியாத பிள்ளை தேர்வறையில் நடுவழியில் மனம் உடைந்துபோகும். போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கணக்கில் எஸ்.ஏ.டி. திரையிலேயே டெஸ்மோஸ் கணிப்பான் இருக்கிறது. சமன்பாட்டைத் தட்டினால் வரைபடம் போட்டுக் காட்டிவிடும். அதைக் கையாளத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிச் சுமை குறையும். ஆனால் சுமார் நான்கில் ஒரு பங்கு கணக்குக் கேள்விகளுக்குத் தெரிவுகள் கிடையாது, விடையை நாமே எழுதவேண்டும். ஏ.சி.டி. கணக்கு முழுவதும் தெரிவுகளோடுதான்; பதிலுக்கு மடக்கை, அணி என்று பாடப்பரப்பு கொஞ்சம் விரிந்தது. காகிதத்தில் எழுதினால்தான் மனம் ஒட்டும் என்கிற பிள்ளைக்கு ஏ.சி.டி. இன்னமும் காகிதத்தில் கிடைக்கிறது.

இவ்வளவும் படித்தும் எந்த வீட்டிலும் முடிவு வராது. என் மகளுக்கு எது ஒத்துவரும் என்று அவளுடைய அப்பாவான எனக்கே தெரியவில்லை. எனவே நியூ ஜெர்சி வாசகிக்கு நான் எழுதிய பதில் இதுதான்: இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்குங்கள். காலை எட்டு அல்லது ஒன்பது மணி, உண்மைத் தேர்வு நடக்கும் நேரம். சமையலறை மேசை. கைபேசி வேறு அறையில். முதல் வாரம் ஒரு முழு எஸ்.ஏ.டி.; அதை நடத்துபவர்களின் 'புளூபுக்' செயலியிலேயே முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. அடுத்த வாரம் ஒரு முழு ஏ.சி.டி.; அதற்கும் நடத்துபவர்களே இலவச மாதிரி தருகிறார்கள். புதிய வடிவம்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் படிக்கவேண்டாம். பயிற்சி மையத்துக்கு ஒரு டாலர் கொடுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். சில மையங்களின் இலவசச் சோதனைகளில் பிள்ளைகள் வழக்கத்துக்கும் மேலாகத் தடுமாறுவதும், பிறகு கட்டண வகுப்பில் சேர்ந்ததும் சட்டென்று முன்னேறுவதும் நான் பார்த்த அதிசயங்களில் ஒன்று. கான் அகாடமி இணையதளத்தில் 2015 முதல் எஸ்.ஏ.டி. பயிற்சி காசில்லாமல் கிடைக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு மதிப்பெண்ணையும் ஒப்பீட்டுப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் வழக்கு முடிந்தது. பெரும்பாலும் இராது. அப்போது தவறுகளை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருங்கள். தெரியாமல் விட்ட தவறு எது, நேரம் போதாமல் விட்ட தவறு எது என்று அவனே பிரிக்கட்டும். தெரியாததை மூன்று மாதத்தில் கற்றுவிடலாம். கைவேகம் அவ்வளவு எளிதில் மாறாது. நேரம் போதாத தவறு எந்தத் தேர்வில் குறைவோ, அதை எடுங்கள். எடுத்த பிறகு மற்றதை மறந்துவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்துத் தயாரிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. பல கல்லூரிகள் வெவ்வேறு நாள் எழுதியதில் ஒவ்வொரு பகுதியின் சிறந்த மதிப்பெண்ணையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் எஸ்.ஏ.டி. கணக்கையும் ஏ.சி.டி. வாசிப்பையும் ஒட்டுப்போட முடியாது.

சனிக்கிழமைகளுக்கு முன்னால் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. வரிசையில் அதுவே முதலில் வந்திருக்கவேண்டும். பிள்ளை எங்கே விண்ணப்பிக்கப் போகிறது? கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் உள்ளிட்ட யு.சி. கல்லூரிகள், சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்களைப் பார்ப்பதே இல்லை, அனுப்பினாலும் பார்க்கமாட்டார்கள். அதே மாநிலத்தின் கால் ஸ்டேட் கல்லூரிகளும் 2022-இல் அதே வழிக்கு வந்துவிட்டன. அங்கே மட்டும் விண்ணப்பிக்கும் ஃபிரீமான்ட் வாசகர் ஒருவர் எஸ்.ஏ.டி.யா ஏ.சி.டி.யா என்று கேட்டார். இரண்டும் வேண்டாம் என்று எழுதினேன், நம்பவில்லை என்று நினைக்கிறேன். மறுபுறம், கொரோனா காலத்தில் தேர்வைத் தளர்த்திய எம்.ஐ.டி. 2022-இலும், டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆகியவை 2024-இலும் மறுபடி தேர்வு தேவை என்று அறிவித்துவிட்டன. யேல் ஏ.பி. அல்லது ஐ.பி. பாடத் தேர்வு மதிப்பெண்ணையும் ஏற்கிறது. ஜார்ஜியா டெக்கிலும் ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் தேர்வு கட்டாயம். அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தை, விண்ணப்பிக்கும் வருடத்தில், நீங்களே பார்ப்பதுதான் உறுதி. இந்தப் பத்தியும் ஒருநாள் பரணில் ஏறும்.

சில மாநிலங்கள் உங்களுக்காக ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டன. இல்லினாயில் அரசுப் பள்ளியின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சில வருடம் பள்ளியிலேயே எஸ்.ஏ.டி. எழுதினார்கள், 2025 முதல் மறுபடி ஏ.சி.டி. நேப்பர்வில் வாசகர்கள் காசு கொடுக்காமல் ஒரு தேர்வைப் பார்த்துவிடலாம். மிச்சிகனிலும் கொலராடோவிலும் அது எஸ்.ஏ.டி. இன்னொரு குறுக்குச் சாலை: பதினோராம் வகுப்பு அக்டோபரில் பள்ளியில் நடக்கும், எஸ்.ஏ.டி.யின் முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கான வழி அதுதான். நாடு முழுவதும் சுமார் 16,000 பேர் அரையிறுதிக்கு வருவார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளை எப்படியும் அதற்குத் தயாராகும் என்றால், எஸ்.ஏ.டி. தயாரிப்பில் பாதி முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கோவையிலிருந்து ஒரு தாத்தா கேட்டிருந்தார்: பேத்தி அங்கிருந்தே அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள், எதை எழுதுவது? அதே இரண்டு சனிக்கிழமைதான், ஐயா. டோஃபல் தனி, ஆங்கிலம் தெரியும் என்று காட்டுவதற்கு. அது இவற்றுக்கு மாற்று ஆகாது.

நியூ ஜெர்சியிலிருந்து நேற்று மறுபடி ஒரு கடிதம். இரண்டு சனிக்கிழமையும் முடிந்ததாம். மதிப்பெண் ஏறத்தாழச் சமம். பையன் தாள்களை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்துவிட்டு எஸ்.ஏ.டி. என்றானாம், "அதில் நான் ஓடவேண்டியதில்லை" என்று. "அவர் வெற்றிக் களிப்பில் இருக்கிறார். நான் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து உளுந்து அரைத்துக்கொண்டிருக்கிறேன்" என்று அம்மா எழுதியிருக்கிறார்.

எங்கள் வீட்டிலும் மகன் அதே முடிவுக்கு வந்திருக்கிறான்; மார்ச் தேர்வுக்குப் பதிவு செய்தாயிற்று. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: 'சனிக்கிழமை காலை எட்டு முதல் பத்தரை வரை மேசை கிடைக்காது. தோசை வேண்டுவோர் எட்டுக்கு முன் வரவும். மிக்ஸி போடக்கூடாது.' அதன்கீழே அவன் அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறாள்: 'சட்னி வேண்டாமா?'

அன்புடன்,
ஆசிரியர்